நூலும் துணியும், கட்டையும் ரயிலும்

உறுப்புகளால் ஆன பொருள் அந்த உறுப்புகளின் கூட்டம் மட்டும்தானா? அல்லது அவை சேரும்போது அவற்றுக்கு மேலாக இன்னொரு பொருள் உண்மையிலேயே பிறக்கிறதா? இந்தியத் தத்துவ மரபில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்த வழக்கு இது. பிறக்கிறது என்றனர் நியாய, வைசேடிக மரபினர். அப்படிப் பிறந்த பொருளை அவயவி என்று அழைத்தனர். இருப்பவை உறுப்புகள் மட்டுமே, மற்றது வழக்கத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் என்றனர் பௌத்தர். இரு தரப்பும் சாட்சிக்கு அழைத்த பொருள்கள் எளியவை. நியாயத்தார் துணியைக் காட்டினர், பௌத்தர் தேரைக் காட்டினர்.

துணியைக் காண ஆர்.கே.பேட்டைக்குப் போனால் போதும். இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற முழுப் பெயர் சுருங்கி வழங்கும் இந்த ஊரும், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய சுற்று வட்டாரமும் திருவள்ளூர் மாவட்டத்தின் நெசவுப் பகுதி. விசைத்தறியில் பாவு நூல் நீளவாட்டில் இழுபட்டு நிற்க, ஊடை நூல் குறுக்கே ஓடி ஓடித் துணி வளர்கிறது. தேருக்கு இக்காலத்தில் ஈடாகச் சொல்லத்தக்கது ரயில். அது இந்த ஊருக்கு இன்னும் வரவில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா சாலைக்கு ஓடியபோது ஆர்.கே.பேட்டைக்குத் தெற்கே விலகியே சென்றது. திண்டிவனத்திலிருந்து நகரி வரை சுமார் 180 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட புதிய பாதை இந்த ஊரைத் தொட்டுச் செல்லும் என்பது வரைபடத்தில் உள்ள செய்தி.

ரயிலை உறுப்பு உறுப்பாகக் கையில் எடுத்து, சேர்த்து, ஓட்டி, மறுபடியும் பிரித்துப் பார்க்க வழி தரும் பொருள் லெகோ கட்டை. இப்போதுள்ள வடிவில் அந்தக் கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று டென்மார்க்கில் காப்புரிமை கோரப்பட்டது. மேலே குமிழ்கள், அடியில் குழாய்கள். ஒன்றின் குமிழ் இன்னொன்றின் அடியில் இறுகப் பிடிக்கும், பசை வேண்டாம், ஆணி வேண்டாம். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ., கட்டையின் உயரம் 9.6 மி.மீ. அதே நிறுவனம் 1966-ல் ரயிலைக் கொண்டுவந்தது. நீலத் தண்டவாளத்தில் 4.5 வோல்ட் மின்கலத்தால் ஓடிய அந்த வண்டிக்குப் பிறகு, 1991-ல் உலோகத் தண்டவாளம் வழியே 9 வோல்ட் மின்சாரம் பாய்ந்தது; இன்று எஞ்சினுக்குள்ளேயே மின்கலம் இருக்கிறது, கைப்பேசியால் வேகம் கூட்டலாம். இத்தனை மாறியும் தண்டவாள இடைவெளி 37.5 மி.மீ. என்பது மாறவில்லை.

பிள்ளைத்தமிழ் நூல்கள் ஆண் குழந்தையின் பத்தாம் பருவமாகச் சிறுதேர் உருட்டுவதை வைத்தன. குழந்தைக்குச் சிறுதேர் முழுத் தேர்தான். அதில் அச்சும் ஆரமும் தனித்தனியே கண்ணில் படுவதில்லை. வளர்ந்த பிறகு இந்தப் பொழுதுபோக்குக்கு வருபவரின் நிலை வேறு. அவரும் முதலில் ஒரு பெட்டி வாங்கி, கையேட்டைப் பார்த்துக் கட்டி, வட்டமாக ஓட்டிப் பார்க்கிறார். விரைவிலேயே அரக்கோணம் சந்திப்பில் தாம் பார்த்த ரயிலே வேண்டும் என்ற ஆசை வருகிறது. அங்கேதான் தத்துவம் தொடங்குகிறது.

சென்னைப் பெரம்பூரின் இன்டெக்ரல் கோச் ஃபேக்டரியில் (ஐ.சி.எஃப்.) 2018 வரை செய்யப்பட்ட ஐ.சி.எஃப். பெட்டி ஏறத்தாழ 21.3 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் அகலம். நம் அகலப்பாதை 1,676 மி.மீ. அதை 37.5-க்குச் சுருக்கினால் விகிதம் ஏறக்குறைய 45-ல் ஒன்று. பெட்டி 9 குமிழ் அகலமும் 60 குமிழ் நீளமுமாக வரும். லெகோவின் வழக்கமான வளைவுக்கோ ஆரமே 40 குமிழ், அதாவது 32 செ.மீ. அந்த ஆரத்தைவிட நீளமான 48 செ.மீ. பெட்டி அதில் திரும்பும்போது நடுப்பகுதி தண்டவாளத்தைவிட்டு வெகுவாக உள்ளே தள்ளி நிற்கும். ஆகவே அகலத்தை எட்டோ ஆறோ ஆக்குகிறார்கள், நீளத்தைப் பாதிக்குப் பாதி குறைக்கிறார்கள். எதை விட்டாலும் அது ஐ.சி.எஃப். பெட்டியாகவே இருக்கும், எதை விட்டால் இராது? ஜன்னல் எண்ணிக்கை குறையலாம். ஜன்னல் கம்பிகளின் கிடைக்கோடு போனால் போயிற்று. நீலம்தான் வேண்டுமென்பதில்லை, பழைய செந்நிறப் பெட்டியும் அதேதான். இது பண்பு, பொது, சிறப்பு என்று வைசேடிகர் பகுத்துக்கொண்ட வேலையே. கட்டையோடு உட்காருபவர் நூலைத் திறக்காமலே அந்தப் பகுப்புக்கு வந்து சேர்கிறார்.

பௌத்தர் வாதம் மிலிந்த பஞ்ஹா என்ற பாலி நூலில் எளிய உருவில் இருக்கிறது. கிரேக்க வழிவந்த மன்னன் மிலிந்தனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்கிறார்: நீ வந்த தேர் எது? அச்சா, சக்கரமா, நுகமா, எல்லாம் சேர்ந்ததா, எல்லாவற்றுக்கும் வெளியே உள்ளதா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றே மன்னன் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் சந்திரகீர்த்தி இதை ஏழு வகையாக விரித்தார். உறுப்புகளின் திரளே தேர் என்றால், கழற்றிக் குவித்த திரளிலும் தேர் இருக்க வேண்டுமே என்பது அவர் கேள்வி. வாங்கி வந்து பிரிக்காத லெகோ பெட்டி அவருக்கு நல்ல சாட்சி. ஓர் உறுப்பும் குறையாமல் உள்ளே இருக்கிறது, ரயில் இல்லை. வடிவமே தேர் என்று தப்பிக்கவும் அவர் விடவில்லை. ஒவ்வோர் உறுப்பும் சேர்வதற்கு முன்னிருந்த வடிவத்தோடுதான் சேர்ந்த பின்னும் இருக்கிறது. திரளின் வடிவம் என்றாலோ, திரளே பெயரளவில் உள்ளது என்று முன்பே ஒப்புக்கொண்டாயிற்று. இந்த மரபு நமக்கு அயலானதும் அன்று. பௌத்த அளவை நூலின் தந்தையான திக்நாகர் காஞ்சிப் பகுதியைச் சேர்ந்தவர் என்பது திபெத்திய மரபு. மணிமேகலை அறம் கேட்டதும் காஞ்சியில். அதே காப்பியத்தின் 27-ஆம் காதையில் வைசேடிகவாதியும் வந்து தன் கொள்கையைச் சொல்கிறான்.

நியாயத்தார் பதில் இரண்டு. அவயவி இல்லையென்றால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஏனெனில் அணுக்கள் தனித்துத் தெரிவதில்லை என்பது ஒன்று. இன்னொன்று இன்னும் அழகானது: பிடித்தலும் இழுத்தலும். ஒரு பொருளின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுதும் வருகிறது. கூட்டம் மட்டுமானால் பிடித்த உறுப்பு மட்டும் கையோடு வந்திருக்கும். எதிரி படையையும் காட்டையும் காட்டுகிறான். தூரத்திலிருந்து பார்த்தால் அவையும் ஒன்றாகத்தானே தெரிகின்றன? தெரிகின்றன, ஆனால் ஒரு மரத்தைப் பிடித்து இழுத்தால் காடு வராது.

இந்த இழுப்புச் சோதனை லெகோ ரயிலுக்கு நேரடியாகப் பொருந்துகிறது, ஒரு நுட்பமான வேறுபாட்டையும் காட்டுகிறது. நன்றாகப் பின்னிக் கட்டிய பெட்டியை ஒரு முனையில் பிடித்துத் தூக்கினால் முழுப் பெட்டியும் எழும். கட்டையின் மேல் கட்டையை நேராக அடுக்காமல், சுவரில் செங்கல் வைப்பதுபோல் மூட்டு மாற்றி வைத்திருந்தால்தான் இது நடக்கும். நேராக அடுக்கியது தூக்கும்போதே பிளந்துவிடும். பெட்டிகளை ஒன்றோடொன்று இணைப்பது காந்தம். எஞ்சினைப் பிடித்துத் தூக்கினால் காந்தம் விட்டுப்போகும், வரிசை சிதறும். எனவே பெட்டி அவயவி, ரயில்வரிசை படையைப் போன்றது என்று முடிவு கட்டலாம். ஆனால் தண்டவாளத்தின் மேல், எஞ்சின் இழுக்கும் திசையில், அந்த வரிசையும் ஒன்றாகவே வருகிறது. முழுமை என்பது உண்டா இல்லையா என்ற இரண்டில் ஒன்றாக இல்லாமல், எந்தச் செயலில் உண்டு என்று கேட்கப்பட வேண்டிய ஒன்று என்பதே இங்கிருந்து கிடைக்கும் பாடம். பழைய சூத்திரக்காரர்கள் இவ்வளவு தூரம் வரவில்லை. அவர்கள் காட்டிய வழி இங்கே கொண்டுவந்து விடுகிறது. 1955-ல் தொடங்கிய பெரம்பூர்த் தொழிற்சாலையின் பெயரிலேயே உள்ள 'இன்டெக்ரல்' என்ற சொல்லும் இதைப் பற்றியதே. பழைய பெட்டிகளில் அடிச்சட்டம் பாரம் சுமந்தது, மரக்கூடு மேலே உட்கார்ந்திருந்தது. இந்தப் பெட்டியில் அடிச்சட்டம், பக்கச்சுவர், கூரை எல்லாம் ஒரே கூடாகச் சேர்ந்து பாரத்தைத் தாங்குகின்றன. தாங்குவது எந்த உறுப்பு என்று பிரித்துச் சொல்ல முடியாது. முழுமை உண்மையில் வேலை செய்கிறது.

பௌத்தரான தர்மகீர்த்தி வேறு பக்கத்திலிருந்து தாக்கினார். முழுமை ஒன்றே என்றால், ஒரு பகுதி அசையும்போது முழுதும் அசைய வேண்டும். ஒரு பகுதி சிவந்தால் முழுதும் சிவக்க வேண்டும். நீலச் சுவரும் சாம்பல் கூரையும் கறுப்புச் சக்கரமும் கொண்ட பெட்டியின் நிறம் என்ன? நியாயத்தார் தயங்காமல், பல நிறம் கலந்த 'சித்திர ரூபம்' என்று ஒரு தனி நிறத்தையே ஏற்றுக்கொண்டார்கள். இது நெருக்கடியில் பிறந்த விடை, வலுவானதன்று. நிறம் உறுப்போடு நிற்கும் பண்பு, இழுவை முழுமையோடு நிற்கும் பண்பு என்று பிரித்துச் சொல்லியிருந்தால் அவர்கள் கட்சி மேலும் உறுதிப்பட்டிருக்கும்.

ஓர் உறுப்பை மாற்றினால் என்ன ஆகும்? நியாயத்தார் இங்கே அஞ்சாமல் கடைசிவரை போகிறார்கள். துணியிலிருந்து ஒரு நூலை உருவினால் பழைய துணி அழிந்தது. இப்போது இருப்பது வேறொரு துணி. ஆர்.கே.பேட்டையில் தறி ஓட்டுபவர் இதை ஏற்கமாட்டார். ஓடி முடிந்த பாவின் முனைகளில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து, தறியைத் தொடர்ந்து ஓட்டுவதே அவர் வழக்கம். கிரேக்கர்கள் இதே கேள்வியைத் தீசியஸின் கப்பலை வைத்துக் கேட்டார்கள். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய கப்பல் பழைய கப்பலா என்ற சிக்கலை புளூட்டார்க் பதிவு செய்தார். கழற்றிய பலகைகளையெல்லாம் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மையானது என்று 1655-ல் ஆங்கிலத் தத்துவவாதி ஹாப்ஸ் அதை மேலும் இறுக்கினார். ஹாப்ஸ் கற்பனையில் செய்ததை லெகோவில் ஒரு மாலைப்பொழுதில் செய்து முடிக்கலாம்: மஞ்சளேறிய பழைய கட்டைகளைப் புதியவற்றால் மாற்றிக்கொண்டே வந்து, கழற்றியவற்றைக் கொண்டு பக்கத்தில் இன்னொரு ரயிலைக் கட்டலாம். பெரம்பூரில் உறுப்பு மாற்றம் உண்மை ரயிலிலேயே நடந்தது. 1855-ல் இங்கிலாந்தில் செய்யப்பட்ட இ.ஐ.ஆர். 21 எஞ்சின் நூறாண்டுக்கு மேல் ஓடாமல் காட்சிப் பொருளாக நின்றது. காணாமற்போன, சிதைந்த பாகங்களைப் புதிதாகச் செய்து 2010-ல் பெரம்பூர் லோகோ பணிமனையில் அதை மீண்டும் ஓடவைத்தார்கள். அதை 1855-ன் எஞ்சின் என்று சொல்வதில் தவறில்லை. உறுப்பு மாறும்போது திட்டமும் செயலும் தொடர்ந்தால் பொருள் தொடர்கிறது என்பதே வழக்காறு, அதுவே சரியும்கூட.

சைவ சித்தாந்தம் இந்த வழக்கில் வேறொரு வாசலால் நுழைகிறது. காரியம் காரணத்தில் முன்பே மறைந்திருக்கிறது என்பது அதன் சற்காரியவாதம். குடம் மண்ணில் இருந்தது, குயவன் வெளிப்படுத்தினான். மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். லெகோ கட்டை இந்தக் கொள்கைக்குக் கடுமையான சோதனை. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டை ஆறினை ஒன்றோடொன்று இணைக்கும் வழிகள் 91,51,03,765 என்று டென்மார்க் கணிதவியலார் எண்ணியிருக்கிறார்கள். ஆறு கட்டைக்குள் தொண்ணூற்றொரு கோடிக்கு மேற்பட்ட பொருள்கள் மறைந்திருக்கின்றன என்றால், மறைந்திருத்தல் என்ற சொல்லுக்கு மிகக் குறைந்த பொருளே மிஞ்சுகிறது. சித்தாந்தி இதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்: வழிகள் பெருகப் பெருக, அவற்றில் ஒன்றைத் தேர்ந்து நிறுத்தும் அறிவுள்ள நிமித்தகாரணம் தவிர்க்க முடியாததாகிறது. உறுப்புள்ள உலகம் செய்யப்பட்டது, ஆகவே செய்தவன் உண்டு என்ற வாதத்துக்கு இது துணையே. நியாய மரபின் உதயனரும் இறைவனை நிறுவ, அணுக்களைச் சேர்த்தலை ஒரு காரணமாக வைத்தார். ஆனால் கணினியில் ரயிலை முழுவதும் வடிவமைத்தவருக்குத் தெரியும், திட்டமும் தேர்வும் மட்டும் போதாது. திரையில் உள்ள ரயிலுக்கு உறுப்புப் பட்டியல் உண்டு, நிறம் உண்டு, இழுவை இல்லை. திண்டிவனம்–நகரி பாதையும் ஆர்.கே.பேட்டையில் இன்று அந்த நிலையில்தான் உள்ளது.

இவ்வளவும் ரயிலுக்காகவோ தேருக்காகவோ நடந்த வாதம் அன்று. நாகசேனர் தேரைக் காட்டியது மனிதனைப் பற்றிச் சொல்ல. உருவம், நுகர்ச்சி முதலிய ஐந்து கந்தங்களைப் பிரித்தால் உள்ளே 'நான்' என்று ஒருவன் அகப்படமாட்டான் என்பதே அவர் போதனை. அதன் பாதியைச் சித்தாந்தமும் ஏற்கிறது. உடம்பும் கருவிகளும் தத்துவங்களின் கட்டு, பிரியக்கூடியது. ஆனால் 'என் உடம்பு' என்று சொல்பவன் அந்தக் கட்டின் ஓர் உறுப்பல்லன் என்று சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் நிறுத்துகிறது. கட்டை ரயிலைப் பிரித்துக் குவித்தவர் அந்தக் குவியலில் இல்லை. தேருக்குள் தேரைத் தேடிய மன்னனும் தேருக்கு வெளியே நின்றுதான் தேடினான். ஆகவே தேர் உவமை உடம்புக்குப் பொருந்துகிறது. தேடுபவனையும் அது கரைத்துவிட்டது என்று கொள்ள இடமில்லை. தேடுபவனும் கணந்தோறும் மாறும் அறிவுத் தொடரே என்று நிறுவப் பௌத்தருக்கு வேறொரு வாதம் வேண்டும். அவர்களிடம் அது இருக்கிறது. கணபங்கவாதம் என்பது அதன் பெயர். அதையும், அதற்கான மறுப்பையும் தமிழிலேயே காண விரும்புவோர் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் சௌத்திராந்திகன் மதம் கூறும் பகுதியிலிருந்து தொடங்கலாம்.