இரும்புக்குச் செய்யும் கடமை

பெற்றோர்க்கு மக்கள் செய்ய வேண்டுவன யாவை, குடிகளுக்கு அரசு செய்ய வேண்டுவன யாவை என்று அறநூல்கள் விரித்துரைக்கின்றன. வாயில்லா உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலும் அறமென்றே கொள்ளப்படும். ஆயின், உயிரும் உணர்வும் அற்ற இரும்புக்கு மனிதன் கடமைப்பட்டவனோ? தன் பொருள் கொடுத்து வாங்கிய ஒன்றை அவன் பேணினால் என்ன, பேணாதொழிந்தால் என்ன?

இவ்வினாவை ஏட்டின்வழி ஆராய்வதினும் ஒரு பொறியின் முன் நின்று ஆராய்தல் தெளிவு தரும். இங்கிலாந்தில் வீட்டின் பின்புறத்துச் சிற்றறையில் கடைசல் பொறி வைத்து, ஓய்வு நேரத்தில் சிறிய நீராவி எஞ்சின்கள் செய்து மகிழ்வோர் நெடுங்காலமாக உள்ளனர். அவர்களுக்கெனவே ‘மாடல் எஞ்சினியர்’ என்னும் இதழ் 1898-இல் தோன்றியது. லேத் என்று பட்டறைகளில் வழங்கும் இப்பொறிகளுள் அவர்கள் பெரிதும் விரும்பியது, நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் செய்யப்பட்ட மைஃபோர்டு எம்.எல்.7 ஆகும். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் வெளிவந்த பொறி அது. அந்த ஆலை 2011-இல் மூடப்பட்டது. அதில் செய்த பொறிகளோ பல கை மாறி இன்னும் சுழல்கின்றன. முதலில் வாங்கியவருள் பலர் இன்று இருத்தல் அரிது.

அப்பொறியின் சுழல்தண்டைத் தாங்குவது வெள்ளை உலோகம் என்னும் மென்மையான கலவை. அதன்மேல் எண்ணெய்க் குப்பிகள் இரண்டு உள்ளன. வேலை தொடங்குமுன் அவற்றின் நெம்பை நிமிர்த்தினால் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கும். முடிந்ததும் மடக்கிவிட வேண்டும். மறந்தால் மறுநாள் எண்ணெய் முழுவதும் மேசைமேல் கிடக்கும்.

மாட்டுவண்டி அச்சுக்கு மசகு இட்ட தலைமுறையினர், எண்ணெய் இரும்பை வழுவழுப்பாக்குகிறது என்ற அளவில் அறிந்திருந்தனர். உண்மை அதனினும் வியப்பானது. 1883-இல் பியூசம்ப் டவர் என்னும் ஆங்கிலப் பொறியாளர், இரயில் அச்சுத் தாங்கிகளை ஆராய்கையில் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். எண்ணெயை உள்ளே விடுவதற்கென இட்ட துளையின் வழியே எண்ணெய் மேலெழுந்து வந்தது. தக்கை கொண்டு அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளை அடித்தார், அதுவும் தள்ளப்பட்டது. சுழலும் தண்டு தானே எண்ணெயை இழுத்து இடுக்கில் செலுத்தி, அதன் அழுத்தத்தின்மேல் மிதக்கிறது என்பது அவ்வாறு புலனாயிற்று. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதனைக் கணிதத்தால் விளக்கினார். செவ்வையாக எண்ணெய் பெற்று விரைந்து சுழலும் தண்டு தாங்கியைத் தொடுவதே இல்லை. மயிரிழையினும் மெல்லிய படலம் ஒன்று இரண்டையும் பிரித்து நிற்கிறது. தண்டு நின்றவுடன் அப்படலம் சிதைகிறது. மீண்டும் அது உருவாகும் வரை உலோகம் உலோகத்தை உரசும். ஆதலின் எண்ணெயிடும் காலம், ஓசை எழுந்த பின்னன்று. பொறியை ஓட்டுவதற்கு முன்னரே.

இப்பணிக்கு ஓர் இயல்பு உண்டு. இதன் பயன் கண்ணுக்குத் தெரியாது. வண்ணம் பூசினால் பிறர் பாராட்டுவர். எண்ணெயிட்டதனால் விளைந்தது யாதெனின், ஒன்றும் விளையாமையே. இட்ட எண்ணெயும் தங்குவதில்லை. தாங்கியைக் கடந்து ஒழுகி, உலோகத் தூளோடு தட்டில் வீழ்ந்து கழிகிறது. நாளை புதிதாக இட வேண்டும். நன்றி கூறுவாரும் இல்லை. தவறினால் தட்டிக் கேட்பாரும் இல்லை.

‘என் பொறி, என் விருப்பம்’ என்பாரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. சட்டம் அவர் பக்கமே நிற்கிறது. ஆயினும் ‘என்’ என்னும் அச்சொல் எத்துணைத் தூரம் செல்லும்? அவர் விலை கொடுத்தது இரும்புக்கு மட்டுமே. படுகையை வார்த்தவரின் பழக்கமும், தேய்த்து மட்டம் செய்தவரின் பொறுமையும், ஆலை மூடப்பட்ட பின்னர் அங்கிருந்து திரும்பப் பெற இயலாதவை. அவருக்கு முன்னிருந்தவர் முப்பதாண்டு பேணியமையால்தான் அவர் வாங்கும்போது அது பொறியாக இருந்தது. இல்லையேல் பழைய இரும்பாக எடைக்குப் போயிருக்கும். ஆகவே கடமை இரும்புக்கன்று, இரும்பின்வழி மனிதர்க்கே என்று கூறலாம். செய்தவரும் இனி வாங்குபவரும் அவர் முகம் அறியாதவர்கள். முகம் அறியாதார்க்குச் செய்வதனால் கடமை குறைந்துவிடுமோ?

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. அன்பு மட்டும் போதாது. மைஃபோர்டு பொறியில் ஆங்காங்கே உள்ள சிறு முலைவாய்களைக் கண்டு, உந்துவண்டியில் உள்ளவை போன்றவை என எண்ணிக் கட்டியான கிரீசை அழுத்துவோர் உண்டு. அவை எண்ணெய்க்கு உரியவை. கிரீசு வழிகளை அடைத்துவிட, பொறி வறண்டு தேய்கிறது. திறந்த படுகையில் கிரீசு பூசினாலோ, அது சீவல்களையும் தூளையும் பற்றி வைத்து அரைக்கும் பசையாகிறது. துருவைப் போக்க உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர், துருவோடு நுண்மட்டத்தையும் போக்கிவிடுகிறார். இவையெல்லாம் நல்லெண்ணத்தால் விளையும் கேடுகள். சோம்பேறியின் பொறி இவற்றுக்குத் தப்பியிருக்கக்கூடும்! சுழல்தண்டுக்கு ஐ.எஸ்.ஓ. 32 போன்ற மெல்லிய எண்ணெயும், சறுக்குப் பகுதிகளுக்குச் சற்றுத் தடித்த 68-உம் வழக்கமாக இடுவர். பொறிக்கு எது வேண்டும் என்பதை அதன் கையேட்டில் தேடிப் படிப்பதும் பேணுதலின் பகுதியே.

மற்றொரு வகையினர், மாசு படுமென அஞ்சிப் பொறியை ஓட்டுவதே இல்லை. துடைத்துத் துணி போர்த்தி வைக்கின்றனர். கடைவதற்கென்று செய்ததைக் கடையவிடாமல் காப்பது அதனைப் பேணுவதாகுமா என்பது ஐயமே.

பேணாமையின் கணக்கு படுகையில் எழுதப்படுகிறது. சிறு வேலைகள் தலைப்பகுதிக்கு அருகிலேயே நடப்பதால் படுகை அங்கு மிகுதியாகத் தேயும். உளியை ஏந்தும் வண்டி அவ்விடத்தில் ஆடும். ஆட்டம் போக அதனை இறுக்கினால், தேயாத மறுகோடியில் அது நகர மறுக்கும். ஒரு கோடிக்கு இணங்கினால் மறுகோடி இணங்காத இந்நிலைக்குத் திருகைத் திருப்புவதால் தீர்வு இல்லை.

பழைய பொறி வாங்கச் செல்லும் அனுபவசாலி புறவண்ணத்தை நோக்குவதில்லை. படுகையின் ஓரத்தில் நகத்தை வைத்து, தேய்ந்த இடத்தில் படி ஏதும் தட்டுப்படுகிறதா என இழுத்துப் பார்க்கிறார். வண்டியை இக்கோடியிலிருந்து அக்கோடி வரை உருட்டிப் பார்க்கிறார். எண்ணெய்க் குப்பிகளின் மூடியைத் திறந்து பார்க்கிறார். விற்பவரிடம் அதிகம் கேட்பதில்லை.