பனிக்கட்டிக்குள் ஓர் இரும்புத் துண்டு

பெரிய மொழி மாதிரிகளுக்கு அறிவியல் எவ்வளவு புரிகிறது என்று பார்க்க, தேர்வு வைப்பதுதான் வழக்கம். 2018-இல் வந்த ஏ.ஆர்.சி. தொகுப்பில் பள்ளிப் பிள்ளைகளுக்கான வினாக்கள் இருந்தன. 2020-இன் எம்.எம்.எல்.யூ. 57 பாடங்களுக்கு விரிந்தது. இரண்டிலும் மதிப்பெண்கள் மளமளவென்று ஏறின. ஆனால் அந்த வினாக்களும் அவற்றை ஒத்தவையும் இணையத்தில் கிடக்கின்றன. மாதிரி படித்து வளர்ந்ததும் அதே இணையத்தில்தான். யோசித்துச் சொன்னதா, உருப்போட்டதை ஒப்பித்ததா என்று விடைத்தாள் காட்டிக்கொடுக்காது.

2023-இல் வந்த ஜி.பி.க்யூ.ஏ. இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. உயிரியல், இயற்பியல், வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் அதற்குப் படிப்பவர்களும் புதிதாக எழுதிய 448 வினாக்கள். வேறு துறை வல்லுநர்களிடம் இணையத்தைத் திறந்து கொடுத்தார்கள். வினாவுக்குச் சராசரியாக அரை மணி நேரத்துக்கு மேல் மல்லாடியும் 34 சதவீதமே தேறியது. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 25 கிடைக்கும்! அந்தந்தத் துறைக்காரர்கள் எடுத்தது 65. அப்போதைய ஜிபிடி-4 எடுத்தது 39. வடிகட்டிய 198 வினாக்களில் பின்னால் வந்த மாதிரிகள் துறைக்காரர்களையே முந்திவிட்டன. வினாக்களை இணையத்தில் அப்படியே வெளியிட வேண்டாம் என்று தொகுத்தவர்கள் கேட்டுக்கொண்டதும் உண்டு. அந்த வேண்டுகோள் எத்தனை நாள் தாங்கும்?

புதிய வினா கிடைத்தால் மட்டும் போதாது. பழைய வினாவைத் திருகிப் பார்ப்பதுதான் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும் என்பது என் எண்ணம். தம்ளர் நீரில் மிதக்கும் பனிக்கட்டி உருகினால் நீர்மட்டம் மாறாது. இது எல்லாப் பாடநூலிலும் உண்டு. நல்ல நீருக்குப் பதில் உப்பு நீர் என்று மாற்றுங்கள்: மட்டம் சற்று ஏறும். உருகி வரும் நன்னீர் அடர்த்தி குறைந்தது, ஆகவே கட்டி விலக்கிவைத்திருந்த உப்பு நீரைவிட அதிக இடம் கேட்கும். மீண்டும் நல்ல நீருக்கே வந்து, மிதக்கும் கட்டிக்குள் சிறு இரும்புத் துண்டு ஒன்று உறைந்திருக்கிறது என்று வையுங்கள்: மட்டம் இறங்கும். மிதக்கும்வரை இரும்பு தன் எடைக்கு ஈடான நீரை விலக்கியது. மூழ்கியபின் தன் பருமனளவு மட்டுமே விலக்குகிறது.

மூன்றிலும் சொற்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான், விடைகள் வேறு. மூன்றுக்கும் 'மாறாது' என்று சொல்லும் மாதிரிக்கு முதல் வினாவில் முழு மதிப்பெண் கொடுத்தது தவறு. மூன்றையும் ஒரே கேள்வியாகக் கட்டி, மூன்றும் சரியானால் மட்டும் மதிப்பெண் என்று வைத்தால் மாதிரிகளின் தரவரிசைப் பட்டியலில் இடங்கள் மாறக்கூடும். காரணத்தையும் எழுதச் சொல்லித் திருத்தினால் இன்னும் நல்லது. அதற்கு ஒவ்வொரு விடைக்கும் அந்தத் துறை தெரிந்த ஓர் ஆள் உட்கார வேண்டும்.