கூட்டிப் போகிறவன்

"சேர், நான் குடிக்கிறதும் இல்ல, ஊத்திக் குடுக்கிறதும் இல்ல. வாசல் வரைக்கும் கூட்டிப் போறதுதான். அதுக்கும் பாவமா?"

மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது என் பழைய மாணவன் ஒருவன் இப்படிக் கேட்டான். வகுப்பில் கேள்வியே கேட்காத பையன். இருபது வருடம் கழித்துக் கேட்ட முதல் கேள்வி இது.

அவனுக்கு வேலை மட்டக்களப்பு நகரில் ஒரு விடுதிக்காரரிடம். வெளிநாட்டுப் பயணிகளுக்கு அவர் ஒரு மாலைச் சுற்று ஏற்பாடு செய்திருந்தார். நாலரை மணிக்கு வாவிக்கரையில் தொடங்கும். அங்கே இறால் வடை. பிறகு காத்தான்குடிப் பிரதான வீதி, நடுவில் பேரீச்ச மரங்கள் நிற்கிற அந்தத் தெரு. கொத்து ரொட்டி, ஆட்டுக்கால் சூப், இஞ்சிப் பிளேன்டீ. அதற்குப் பிறகு தெற்கே வந்து, வாவியோரத்து எங்கள் ஊரில், இவனுடைய உம்மாவின் வீட்டில் இடியப்பமும் மீன் ஆணமும். கடைசியாக மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்குப் போய் ஒரு கள்ளுத் தவறணை. 2014இல் பாலம் திறந்ததிலிருந்து அது ஓட்டோவில் கொஞ்ச நேரப் பயணம்தான். ஆளுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். கைட்டுக்கு அந்த இரவே கூலி.

இந்த மாதிரிச் சுற்று எங்கிருந்து வந்தது என்பதையும் அவன்தான் எனக்கு அறிமுகப்படுத்தினான். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டிலிருந்து வந்த ஒரு தம்பதி, தங்கள் ஊரிலும் மாலையானால் இதே நடைதான் என்று சொன்னார்களாம். தேடிப் படித்துப் பார்த்தேன். சான் செபஸ்தியான் என்ற கடலோர நகரம். பாஸ்க் மொழியில் தொனோஸ்தியா. அங்கே ஒரு கடையில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுவதில்லை. ஒரு வாய் ரொட்டியின் மேல் மீனோ மிளகாயோ வைத்துக் குச்சியால் குத்தியிருக்கும் பிஞ்சோவை ஒரு கடையில் தின்பார்கள். சின்னக் கிண்ணத்தில் ஒரு மிடறு மது. உடனே அடுத்த கடை. நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பொதுப் பணப்பை வைத்துக்கொண்டு இப்படிச் சுற்றுவது அவர்களுடைய பழைய வழக்கம். அங்கே பேர்போன ஒரு பிஞ்சோ உண்டு: ஒலிவ், நெத்தலி போன்ற ஓர் உப்பு மீன், வினாகிரியில் ஊறிய பச்சை மிளகாய், மூன்றும் ஒரே குச்சியில். 1946இல் வந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்தின் நாயகி பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த சங்கதி வேறு. ஒலிவுக்கு ஸ்பானிய மொழியில் 'அசைத்தூனா' என்று பெயர். அது நம் 'ஸைத்தூன்'தான். அரபிகள் போய்ச் சேர்ந்த இடங்களில் எது எதெல்லாம் எஞ்சியிருக்கிறது பாருங்கள்!

இப்போது அந்த நடையும் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. நண்பர் இல்லாமல் வந்திறங்கும் வெளியூர்க்காரனுக்கு ஒரு கைட் மூன்று மணி நேரம் நண்பனாக இருப்பான். பொதுப் பணப்பை அங்கே கட்டணமாகிவிட்டது. எங்கள் வாவிக்கரைக்கு வந்தது அந்த இரண்டாவது வடிவம்.

மாணவனின் கேள்விக்கு வருகிறேன். படியில் நின்றபடியே பதில் சொல்லிவிட்டேன். மது சம்பந்தமாகச் சபிக்கப்பட்ட பத்துப் பேரை நபிகள் நாயகம் (ஸல்) எண்ணிச் சொன்ன ஹதீஸ் எல்லோருக்கும் தெரிந்தது. பிழிகிறவன் முதல் அதன் கிரயத்தைத் தின்கிறவன் வரை அதில் வருகிறார்கள். சுமப்பவனும் உண்டு. "நீ சுமக்கவில்லைதான். ஆனால் சுமப்பவன் பொருளை ஆளிடம் கொண்டுபோகிறான், நீ ஆளைப் பொருளிடம் கொண்டுபோகிறாய். தூரம் ஒன்றுதானே?" என்றேன். சொல்லும்போது எனக்கே என் வாய்ச்சாமர்த்தியம் பிடித்திருந்தது. மது சுற்றிவரும் விரிப்பில் அமரக் கூடாது என்ற ஹதீஸையும் சேர்த்துக்கொண்டேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வி என்னைப் பிடித்தது. நம் முன்னோர் இதை இவ்வளவு வேகமாகக் கடந்து போகவில்லை. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், வாங்குகிறவன் மதுதான் வடிப்பான் என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு அவனுக்குத் திராட்சை விற்பதைத் தடுத்தார்கள். சந்தேகம் மட்டும் என்றால் மக்ரூஹ் என்று நிறுத்திக்கொண்டார்கள். இமாம் அபூஹனீபாவோ, முஸ்லிமல்லாத ஒருவருக்காக அவருடைய மதுவைச் சுமந்து கூலி பெறுவதையே அனுமதித்தார். அவருடைய பெரிய மாணவர்கள் இருவரும், அபூயூஸுபும் முஹம்மதும், ஆசிரியருக்கு மாறாக அதை வெறுத்தார்கள். ஒரு கூலியாளின் தோளைப் பற்றி இத்தனை பேர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நான் செருப்புத் தேடுகிற நேரத்தில் முடித்துவிட்டேன்.

என் முடிவு பிழை என்று இப்போதும் நினைக்கவில்லை. என்னை உறுத்தியது அதன் விலை. மதுவில் மனிதருக்குச் சில பயன்களும் உண்டு, ஆனால் பாவம் அவற்றைவிடப் பெரியது என்பது ஸூரத்துல் பகராவின் கருத்து. பாவத்தைச் சொல்லும்போது பயன் உண்டு என்பதையும் அது மறைக்கவில்லை. அந்தப் பயனில் ஒரு துளி இவனுடைய இரவுக் கூலி. அதில்தான் தங்கையின் படிப்பு நடக்கிறது. மாதம் முடியச் சம்பளம் வருகிற ஆசிரியன் நான் பதிலைச் சொன்னேன். கடனை அவன் கட்ட வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. கடற்கரை ஹோட்டல்களில் மதுச்சாலை உண்டு என்பது யாருக்கும் இரகசியமல்ல. அங்கே போகிற ஐஸ், மீன், கோழி, மரக்கறி எல்லாம் யாருடைய லொறிகளில் போகின்றன? எங்கள் ஆட்களுடைய லொறிகளிலும்தான். அவர்களிடம் எவரும் மஃரிபுக்குப் பிறகு ஹதீஸ் சொல்வதில்லை. பள்ளிவாசலுக்குச் சுண்ணாம்பு அடிக்க அவர்களிடம்தான் போகிறோம். தவறணை வாசல் வரை நடந்தே போகிற பையனின் கால்தான் ஊருக்குத் தெரிகிறது. இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் பேணுதலை நான்கு படிகளாகப் பிரித்தார். நாங்கள் ஏழைக்கு மேல்படியையும் பணக்காரனுக்குக் கீழ்ப்படியையும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்த வாரம் ஒரு மாலை நானும் கூடப் போனேன். தவறணைக்கு அல்ல, அவனுடைய உம்மாவின் வீடு வரைக்கும். பயணிகள் நான்கு பேர். மரியாதையான மனிதர்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள், தலை குனிந்து ஸலாம் சொல்ல முயன்றார்கள். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எங்கள் பகுதியின் பெயரைச் சொன்னாலே முகம் மாறிய காலம் ஒன்று இருந்தது. அதை நினைக்கும்போது, அந்நியர் ஒருவர் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து கை கழுவுவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. மாணவனும் அதைத்தான் சொன்னான்: "நம்மளப் பத்தி என்னெல்லாமோ கேள்விப்பட்டு வாறாங்க சேர். வந்து நம்மட கையால திண்டு பாக்கட்டும்."

விதவை வீட்டுக்கு அந்நிய ஆண்கள் வருவதா என்று பேசிய வாய்களும் உண்டு. அந்தப் பேச்சுக்கு நான் இங்கே இடம் கொடுக்கவில்லை. மகனும் மகளும் வீட்டில் இருக்கிறார்கள், கதவு திறந்திருக்கிறது.

உம்மா கொடுவா மீன் ஆணம் வைத்திருந்தார். வாவி இறால், சம்பல், தட்டு நிறைய இடியப்பம். நான்கு பேரும் ஆளுக்கு ஒரு இடியப்பத்தில் பாதியைப் பிய்த்து, ஆணத்தில் தொட்டு, கண்ணை மூடிச் சுவைத்து, படம் எடுத்து, அருமை அருமை என்றார்கள். பிறகு எழுந்துவிட்டார்கள். முந்தைய கடைகளிலேயே கொறித்துக் கொறித்து வயிறு நிறைந்திருந்தது, இன்னும் ஓர் இடமும் பாக்கி. அவர்கள் போன பிறகு உம்மா தட்டைப் பார்த்தபடி நின்றார்.

"வயிறு நிறையத் தின்னாத ஆக்களுக்கு என்னத்துக்கு மகன் ஆக்கிற?"

காசு தந்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், பிறகென்ன என்று மகன் கேட்டான். உம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த சுற்றுக்கு அவர் குறைவாகச் சமைத்தார். அதற்கடுத்த முறை சின்னக் கோப்பைகளில், ஆளுக்கு ஒரு துண்டு மீன், எண்ணி. வந்தவர்களுக்கு அதுதான் வசதியாக இருந்தது. எனக்கு மட்டும் மனது சரியில்லை. எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்காமல் அரிசி போடுகிற கை அது. அந்தக் கை எண்ணப் பழகிவிட்டது.

இங்கேதான் மதுவைவிடச் சிக்கலான கேள்வி எனக்கு வந்தது. மதுவுக்குச் சட்டம் உண்டு. இதற்கு இல்லை. சாப்பாடு விற்பது ஹலாலான தொழில். கொத்து ரொட்டிக் கடைக்காரனிடம் நாம் எந்தக் குறையும் காண்பதில்லை, வயிறு நிறையத் தின்றாயா என்று அவன் கேட்கவும் தேவையில்லை. ஆனால் விடுதிக்காரரின் பட்டியலில் உம்மாவின் வீடு 'கடை' என்று எழுதப்படவில்லை. 'ஒரு முஸ்லிம் குடும்பத்தின் விருந்தோம்பல்' என்று எழுதப்பட்டிருந்தது. அப்படியானால் விற்கப்பட்டது எது? உணவளித்து, உங்களிடம் கூலியும் வேண்டாம் நன்றியும் வேண்டாம் என்று சொல்கிறவர்களைக் குர்ஆன் ஸூரத்துல் இன்ஸானில் புகழ்கிறது. அந்தக் குணத்துக்கே விலைச்சீட்டு ஒட்டினால், அதற்குப் பிறகும் அது அந்தக் குணமா?

இப்படி எழுதிக்கொண்டு போகையில் என் பேனாவையும் நான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. விருந்தோம்பலை ஒரு விதவையின் தலையில் தூக்கி வைத்துவிட்டு அழகு பார்ப்பது சுலபம். அரிசி விலை அவருக்குத்தான் தெரியும். இலவசமாக வருகிற விருந்தாளி எப்போதும் நல்லவனும் அல்ல. இப்னு பதூதாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1344இல் இலங்கையில் இறங்கி, ஆதம் மலையைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று ஆரியச் சக்கரவர்த்தியிடம் கேட்டார். அரசன் பல்லக்கும், யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், தன் ஆட்கள் பத்துப் பேரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினான். கட்டணமில்லாத வழிகாட்டிச் சுற்று! அதே இப்னு பதூதா எட்டு வருடம் கழித்து ஆபிரிக்காவின் மாலி நாட்டுக்குப் போனார். சுல்தானிடமிருந்து விருந்தாளிக்குப் பரிசு வருகிறது என்றதும் பட்டாடையும் பொன்னும் எதிர்பார்த்தார். வந்தது மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, ஒரு சுரைக்குடுவைத் தயிர். வாய்விட்டுச் சிரித்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். காசு கொடுத்துப் பாதி இடியப்பம் தின்று நன்றி சொன்ன அந்த நால்வர், இந்தப் பெரிய மனிதரைவிட மரியாதை தெரிந்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே குற்றம் காசில் இல்லை. உம்மா காசை வெறுக்கவில்லை. "என்ட உழைப்புத்தானே" என்று வாங்கி முந்தானையில் முடிந்தார். அவருக்கு வலித்தது, வந்தவர்கள் பசியில்லாமல் வந்தது. பசியோடு வருகிறவன் காசு தந்தாலும் ஒரு தேவையைக் கொண்டுவருகிறான். ஆக்கினவளுக்கு அதில் ஒரு மதிப்பு உண்டு. ருசி மட்டும் பார்க்க வருகிறவனுக்கு அவள் தேவையில்லை. அடுத்த கடைக்குப் போகும் வழியில் அவளும் ஒரு கடை.

படுவான்கரைத் தென்னைகளைப் பார்க்கும்போது ஒன்று தோன்றும். பாளை சீவிக் கட்டுகிற முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது பதநீர். யாழ்ப்பாணத்தார் கருப்பணி என்பார்கள். நாமும் குடிக்கலாம். பூசாவிட்டால் கள்ளு. அதையே நாள்கணக்கில் விட்டுவைத்துத் தானாகப் புளித்துப் போனால் வினாகிரி, அது மறுபடியும் ஹலால். நம் கல்யாண வீட்டு சஹனில் வைக்கிற அச்சாறுக்குப் புளிப்பு அதிலிருந்தும் வரும். ஒரே நீர், இரண்டு முனையிலும் சுத்தம், நடுவில் மட்டும் விலக்கு. பொருளுக்கு இவ்வளவு துல்லியமாக எல்லை போட முடிகிறது. உம்மாவின் சமையல் எந்த இடத்தில் விருந்தாக இருந்து வேடிக்கையாக மாறியது என்று காட்ட என்னிடம் ஒரு சுண்ணாம்புக் கோடு இல்லை.

மாணவன் விடுதிக்காரரிடம் போய்த் தவறணையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொன்னான். அவர் கோபப்படவில்லை. மாலைச் சுற்றை வேறொரு பையனிடம் கொடுத்துவிட்டார். இவனுக்கு இப்போது காலைச் சுற்று மட்டும்: மீன் சந்தை, சட்டித் தயிர்க் கடை, வாவியில் தோணி. கூலி பாதி. உம்மாவும் ஒரு நிபந்தனை போட்டார். தன் வீடு கடைசியாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் எங்கேயும் ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. "பசியோட கூட்டிக்கு வா" என்றார். போன மாதம் வந்த இரண்டு பேருக்குச் சின்னக் கோப்பை வைக்கவில்லை. நடுவில் ஒரு சஹனை வைத்து, மகனையும் அவர்களோடு உட்கார வைத்தார். மதியம் இரண்டு மணி. சட்டி காலி.

அன்று அஸருக்குப் பிறகு மாணவன் மறுபடியும் வந்தான். இந்த முறை பள்ளிப் படியில் அல்ல, என் வீட்டுக்கே. சாப்பிட்டு முடித்து விடுதிக்குத் திரும்பும் வழியில், இங்கே நல்ல கள்ளு எங்கே கிடைக்கும் என்று அவர்கள் கேட்டார்களாம். தெரியாது என்று சொன்னால் பொய். பாலத்துக்கு அந்தப் பக்கம் என்று கையை நீட்டினால்?

"கூட்டிப் போகல்ல சேர். கைய மட்டும் காட்டலாமா?"

இஞ்சிப் பிளேன்டீ ஊற்றி முன்னால் வைத்தேன். குடித்து முடிக்கும் வரை இருவரும் பேசவில்லை.