குடிக்கூலி

சென்ற மாசி மகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் போயிருந்தேன். திருக்கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாள் அன்று அங்கே தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். மீனவர்கள் அவரை, 'எங்கள் மாப்பிள்ளை' என்று உரிமை கொண்டாடி வரவேற்பார்கள். அதைத் தரிசிக்கப் போவதாகத்தான் வீட்டில் சொன்னேன். உண்மையில் போனது வாடகை விஷயமாக.

அங்கே என் பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருக்கிறது. பதினோரு வருஷமாக ஒரு தையற்காரர் குடியிருக்கிறார். மாதம் ரூ. 5,000 தருகிறார். நான் போனதும் தரகர் திண்ணையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்.

"இந்த மனையும் வீடும் 30 லட்சம் போகும், சார். உங்களுக்கு வருஷத்துக்கு வருவது 60,000. நூற்றுக்கு இரண்டு! பாங்கியில் போட்டால் ஆறுக்குக் குறையாது. பத்தாயிரம் கேளுங்கள். முடியாதென்றால் காலி செய்யட்டும்."

கணக்கில் பிழை இல்லை. நம் நாட்டுப் பெரிய நகரங்களிலும் வீட்டு விலையில் ஒரு சிறு பங்குதான் வாடகையாக வருகிறது. ஆனால் உள்ளே இன்னொரு கணக்கு இருந்தது. தையற்காரரின் வரும்படி மாதம் 15,000. ஏற்கெனவே அதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு வந்துவிடுகிறது. இரண்டு பங்கையும் நானே வாங்கிக்கொண்டால், நான்கு பேர் மிச்சத்தில் எப்படிச் சாப்பிடுவது?

வாடகையைக் குடிக்கூலி என்றும் சொல்வோம். கூலி என்பது உழைத்தவனுக்குத் தருவது. இங்கே உழைத்தவர் யார்? பாட்டனார் எழுப்பிய சுவரை உப்புக்காற்று அரித்துவிட்டது. 30 லட்சம் பெறுவது அடியில் கிடக்கும் மண். அந்த மண்ணுக்கு நான் என்ன செய்தேன்? 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பிறகு எத்தனையோ கைகள் இந்த வட்டாரத்தை வளர்த்தன. கீழவாஞ்சூரில் 2009இல் துறைமுகம் வந்தது. காரைக்காலில் பெரிய கல்லூரிகள் வந்தன. எதற்கும் நான் ஒரு கல் எடுத்து வைத்ததில்லை. மண்ணின் விலையை ஏற்றுவது உடையவன் அல்ல, ஊரார்தான் என்று அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ் 1879இலேயே புத்தகம் எழுதினார். அப்படியானால் அந்த ஊராரில் தையற்காரரும் ஒருவர். அவரும் சேர்ந்து ஏற்றிய விலைக்கு அவரிடமே வட்டி கேட்பது என்ன நியாயம்?

ஊர் திரும்பி இதைச் சொன்னபோது என் மனைவி, "கதை எழுதி வருகிற பணம் உங்களுக்குப் போதும் போலிருக்கிறது" என்றாள். சுருக்கென்று தைத்தது. வாடகையை நம்பியே அடுப்பு மூட்டும் விதவை ஒருத்தியிடம் நான் இந்தத் தர்மத்தைப் போதிக்க முடியுமா? முடியாது. வீடு இடிந்து விழாமல் காப்பதும் உழைப்புத்தான். அதற்குக் கூலி உண்டு. வாடகையே வேண்டாம் என்பதும் சரியல்ல. அது அந்த மனிதரை எனக்குக் கைகட்டி நிற்க வைத்துவிடும்.

ஓடு மாற்றினேன், அந்தச் செலவுக்கு ஈடாக மாதம் 500 கூட்டினேன். இது நியாயமா, மலிவான விலையில் வாங்கிய மனநிம்மதியா என்று இன்னும் எனக்குத் தெளியவில்லை.

ஆனால் அந்த ஊரின் பழங்கதை ஒன்று விடாமல் நினைவுக்கு வருகிறது. காளமேகப் புலவர் திருமலைராயன் சபைக்கு வந்தபோது உட்கார இடம் கொடுக்கவில்லையாம். மனம் நொந்த புலவர், ஊரில் மண்மாரி பொழியச் சபித்தாராம். கதையோ, நிஜமோ, இருக்க இடம் கேட்டு வந்தவனுக்கு இல்லையென்ற ஊருக்கு மண்ணையே தண்டனையாக வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்.