ஆட்டம் நடந்தால் போதுமா?

புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்து ஊர்களில் அம்மன் கோயில் திருவிழா என்றால் ஓர் இரவு நாடகத்துக்கு உரியது. இரவு பத்து மணிவாக்கில் ஆர்மோனியம் எழும்பும். வள்ளி திருமணமோ பவளக்கொடியோ அரிச்சந்திரன் மயான காண்டமோ விடிய விடிய நடக்கும். அதற்கான பணம் தலைக்கட்டு வரியாக வீடு வீடாக வசூலானது. பூ பறித்தவரும் கடலை ஆய்ந்தவரும் கொடுத்தது. அந்தப் பணத்தையும் அந்த இரவையும் கையில் வைத்திருப்பவர் அறம் தவறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் எப்படியோ நடந்து முடிந்துவிட்டால் அந்தத் தவறைப் பெரிதுபடுத்தாமல் விட்டுவிடலாமா?

விட்டுவிட முடியாது என்பதற்கான காரணம், ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இந்தக் கலையின் அமைப்பிலேயே இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிப் பழக்கிய நாடகங்களின் வழியில் வந்த மரபு இது. ஆனால் இதில் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, ஒத்திகையும் கிடையாது. நாயக வேடம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், நாயகி வேடம் கட்டும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் எல்லாரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்பட்டவர்கள். பாட்டும் கதையும் எல்லாருக்கும் தெரியும். மற்றதெல்லாம் மேடையில்தான் உருவாகும். இப்படிப்பட்ட கலைக்கு நம்பிக்கை ஒன்றுதான் மூலதனம். அதைக் காக்கும் பொறுப்பு ஊரில் விழாக் குழுத் தலைவருக்கும், ஆள் அமர்த்தும் ஏஜென்டுக்கும், மேடையில் மூத்த கலைஞருக்கும் பிரிந்து கிடக்கிறது. பொறுப்பு பிரிந்து கிடக்கும் இடத்தில் அதைத் தட்டிக்கழிப்பதும் எளிது.

வள்ளி திருமணத்தில் வேடனாக வரும் முருகனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் கேள்வியை வீசுவார். மற்றவர் அதைப் பாட்டிலேயே பிடித்துத் திருப்புவார். எதிராளி தன்னைக் கவிழ்த்துவிட மாட்டார் என்ற துணிவு இருந்தால்தான் அது வளரும். முன்பணத்தில் ஏஜென்ட் சொல்லாமல் பிடித்தம் செய்திருக்கிறார், மீதியை விடிந்த பிறகு பார்க்கலாம் என்று குழுத் தலைவர் நழுவுகிறார், ஒருவருக்குத் தந்ததை மற்றவரிடம் மறைக்கிறார் என்றால் தர்க்கம் சுருங்கிவிடும். கேள்வி பாதியில் நிற்கும், பாட்டு ஒரு சரணத்தோடு முடியும். கூட்டம் தூக்கம் வந்து கலைந்தது என்பார்கள். கலைத்தது பெரும்பாலும் மேடைக்குப் பின்னால் நடந்த பேரம்.

இதைவிடக் கொடிய தவறு ஒன்று உண்டு. கீற்று மறைப்புக்குள் அரிதாரம் பூசிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் ஒருவர் வந்து, "இளவட்டங்க எதிர்பாக்குறாங்க, டான்ஸ் கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும்" என்பார். அந்தப் பெண் மறுத்தால் அடுத்த முறை இந்த ஊரில் வாய்ப்பில்லை என்பது சொல்லாமலே புரியும். பபூனுக்கும் அதே குறிப்பு போகும். தலைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். அந்த மௌனமே அனுமதியாகிவிடுகிறது. இரவெல்லாம் உழைத்து ஒரு வீட்டைக் காப்பாற்றும் பெண்ணின் மானத்தை விலையாக வைத்துக் கூட்டம் சேர்ப்பது திருவிழாவுக்குப் பெருமை ஆகாது.

மறுபக்க நியாயங்களையும் எடைபோட வேண்டும். தலைமை கடுமையாக இருந்தால்தான் கலை செழிக்கும் என்பார்கள். சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பிற பாய்ஸ் கம்பெனிகளும் கண்டிப்புக்குப் பேர்போனவை. நடிகர் புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா போன்றவர்கள் அந்தப் பட்டறையில் உருவானவர்கள்தான். ஆனால் பாடம் தவறியதற்குக் கண்டிப்பது வேறு, சம்பளம் கேட்டதற்குக் கண்டிப்பது வேறு. முன்னது கலைக்காகச் செய்வது. பின்னதைக் கலையின் பேரால் செய்கிறார்கள். அடித்து வளர்த்ததால்தான் மேதைகள் வந்தார்கள் என்பதையும் அப்படியே ஏற்க முடியாது. அடி தாங்காமல் ஓடிப்போன சிறுவர்களைப் பற்றி வரலாறு எழுதியவர் எத்தனை பேர்?

விழாக் குழுவின் கஷ்டத்தையும் மறுக்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னையையும் பலாவையும் சாய்த்தது. அப்படிப்பட்ட ஆண்டில் வசூல் குறைந்தால் யாரைக் குற்றம் சொல்வது? இங்கேதான் இயலாமையையும் ஏமாற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிக் கலைஞரின் சம்மதம் கேட்பவர் அறம் தவறவில்லை. வண்டியேறி வந்து, வேடமும் கட்டிய பிறகு தொகையைக் குறைப்பவர் தவறுகிறார். அதேபோல ஒரே இரவுக்கு இரண்டு ஊரில் முன்பணம் வாங்கும் ராஜபார்ட்டும் இந்தக் கணக்கில் தப்ப முடியாது.

பணபலம் உள்ள இடத்திலும் கதை இதுதான். டொராண்டோவின் லிவென்ட் நிறுவனம் வட அமெரிக்காவின் மிகப் பெரிய நாடகத் தயாரிப்பு நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது, விருதுகளைக் குவித்தது. கணக்கில் மோசடி வெளிப்பட்டு 1998-ல் திவாலானது; அதை நிறுவிய இருவரும் 2009-ல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. மேடையில் குறை இருக்கவில்லை. தலைமையில் இருந்தது. சரிந்தபோது அதில் உழைத்தவர்களும் சேர்ந்தே பாதிக்கப்பட்டார்கள்.

ஆகவே ஆட்டம் நடந்துவிட்டது என்பதைத் தலைமைக்கு நற்சான்றாகக் கொள்ள முடியாது. அது பெரும்பாலும் கலைஞர்களின் பொறுமைக்குக் கிடைத்த சான்று. தலைமை செய்ய வேண்டியவை மூன்று. பேசிய தொகையை எல்லார் முன்னிலையிலும் சொல்லி, வேடம் கலைக்கும் முன் மீதியைக் கொடுப்பது. மறுக்கும் உரிமையை மேடையில் இருக்கும் பெண்ணுக்கு முதலில் உறுதிசெய்வது. விழா முடிந்ததும் ஊர்க் கூட்டத்தில் கணக்கை வாசிப்பது. இவை மூன்றும் செலவில்லாதவை. இவற்றைக் கேட்கும் துணிவு தனி ஒரு கலைஞருக்கு இருக்காது. அதற்காகத்தான் நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. வரி கொடுத்த ஊராருக்கும் கேட்கும் உரிமை உண்டு. சத்தியம் தவறாத அரிச்சந்திரனைப் பார்த்துக் கண்கலங்கும் ஊர், அரிச்சந்திரனாக நடித்தவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினோமா என்று தன் தலைவரைக் கேட்டே ஆக வேண்டும்.