அவரவர் சரிவு

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் ஒரு மலைச்சரிவு. அதன்மேல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாகப் படுத்திருக்கிறது ரேடியோ தொலைநோக்கி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் ஓர் இளம் குழு கட்டியது. 1970 முதல் வானத்துக்குக் காது கொடுத்து வருகிறது.

அந்த மலையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? அது வடக்கு தெற்காகச் சுமார் 11 பாகை சரிந்திருக்கிறது. அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. கிழக்கிலிருந்து மேற்காக மெல்லத் திருப்பினாலே போதும், ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

குழுவை நடத்துவதும் இப்படித்தான். ஏற்பியில் புகும் இரைச்சலின் மூலத்தை நாள் முழுக்கப் பொறுமையாகத் துழாவுபவர் ஒருவர்; அறுந்த கம்பியைச் சரிசெய்ய மழையிலும் ஏணி ஏறுபவர் இன்னொருவர். இடம் மாற்றிப் போட்டால் இருவருமே தடுமாறுவார்கள். பழி மட்டும் அவர்கள் தலையில் விழும்.

ஆளுக்கொரு சரிவு உண்டு. அதையொட்டி வேலையை அமைத்தால், தலைவர் தள்ள வேண்டிய பாரம் பாதியாகும்.

உங்கள் குழுவில் யாருடைய சரிவு எந்தப் பக்கம்? இன்று ஒருமுறை பாருங்கள்.