அரை டிக்கெட்

வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை. காய்ச்சலில் துவண்டுபோன பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி வந்தார்.

''பெரியவங்களுக்கு ஒரு மாத்திரை குடுப்பியே... அதைப் பாதியா உடைச்சு இவனுக்குக் குடுப்பா!''

கடைக்காரர் உடைக்கவில்லை. ''எத்தனை கிலோ இருப்பான்?'' என்றார்.

''நாலு வயசுப்பா!''

''வயசைக் கேக்கல ஆயா... எடையைக் கேட்டேன்.''

பாட்டி விழித்தார். அவரை மட்டும் சொல்வானேன்? நமக்கும் குழந்தை என்றால் 'அரை டிக்கெட்'தானே!

இரண்டு நாள் காய்ச்சலுக்கே இந்தக் கணக்கு என்றால், ஆயுள் முழுக்க, ஒருநாள்கூட விடாமல் சாப்பிடவேண்டிய மருந்துக்கு? எச்.ஐ.வி. தொற்றோடு பிறந்த குழந்தைகளைச் சொல்கிறேன்.

2004 ஏப்ரலில் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை அரசு இலவசமாகத் தர ஆரம்பித்தது. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி அந்த முதல் மையங்களில் ஒன்று. ஆனால், குழந்தைகளுக்கான தேசியத் திட்டம் 2006 நவம்பரில்தான் வந்தது. அதுவரை பல குழந்தைகளுக்குப் பெரியவர்களின் மாத்திரையை உடைத்துத்தான் கொடுத்தார்கள். ரத்தத்தில் மருந்து குறைந்தால், வைரஸ் அதை ஏய்க்கக் கற்றுக்கொள்ளும். கூடினால், குழந்தையின் உடம்பு தாங்காது.

சரி, எடை பார்த்துச் சரியாகவே கொடுத்துவிட்டால் பிரச்னை தீர்ந்ததா? இல்லை!

சென்னை சேத்துப்பட்டில் இருக்கிறது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நெவிரபின் என்ற மருந்தை உட்கொண்ட குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, சௌம்யா சுவாமிநாதன், கீதா ராமச்சந்திரன் குழுவினர் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருந்தின் அளவு குழந்தைக்குக் குழந்தை மாறியது. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் குறைவு. மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியின் மரபணு ஒருவருக்கொருவர் வேறுபடுவது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம்தான் என்னை உறுத்தியது. வயதுக்கேற்ற உயரம் வளராத குழந்தைகளின் ரத்தத்திலும் மருந்து குறைவாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். வயது இயற்கை. மரபணு பிறப்போடு வந்தது. வளர்ச்சி குன்றுவது? அதில் நோய்க்குப் பங்கு உண்டு, நீண்டநாள் அரைவயிற்றுக்கும் பங்கு உண்டு. இதோடு, வேளை தவறிய மாத்திரைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சிடுமோ', 'ஸ்கூல்ல வெளிய அனுப்பிடுவாங்களோ' என்று மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கும் வீட்டில், விருந்தாளி வந்த அன்று குழந்தைக்கு மருந்து ஏது? பாகுபாடு கூடாது என்று 2017-ல் சட்டம் போட்டாகிவிட்டது. சட்டம் பள்ளிக்கூடம் வரை வரும். நம் முகச்சுளிப்பைத் தடுக்க எந்தச் சட்டத்தால் முடியும்?

'எல்லோருக்கும் ஒரே அளவு' என்பதை நியாயம் என்று நம்பிவிட்டோம். அளந்து போடுகிற கை நேர்மையாக இருந்தால் போதுமா? போய்ச் சேரவேண்டிய இடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்று பார்க்கிறவரை அது பாதி நியாயம்தான். குழந்தையின் ரத்தத்தில் மருந்து குறைந்தால், ஆய்வுக்கூடம் காட்டுவது அதன் உடம்பை மட்டும் அல்ல... அதற்கு நாம் போட்ட சோற்றையும், காட்டிய முகத்தையும் சேர்த்துத்தான்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. டோலுடெக்ராவிர் என்ற மருந்து, குழந்தைகளுக்கென்றே தண்ணீரில் கரையும் மாத்திரையாக வருகிறது. எடை பார்த்து எண்ணிக்கொடுக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் சோறும், பயமில்லாத வீடும் மாத்திரையாக வராதே!

வாலாஜாபாத் கடைக்கு வருவோம். பக்கத்துக் கடை மெஷினில் பையனை நிறுத்திப் பார்த்தார்கள். பன்னிரண்டு கிலோ. எடைக்கேற்ற மருந்தை அளந்து காட்டிய கடைக்காரர், ''டாக்டர்கிட்டயும் காட்டிடு ஆயா... நாலு வயசுக்கு இது பத்தாது. பால், முட்டைன்னு நல்லா சாப்பாடு போடு'' என்றார் அக்கறையாக.

பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்...

''வெச்சிக்கினா போடாம இருக்கேன்?''

கடைக்காரரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. உங்களிடம்?